கனவு, சுவரொட்டி, களவு: ராக் பாடல்களின் பிறப்புக் கதைகளை நம்பலாமா?

2024 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு குற்ற வழக்கின் விசாரணை நடுவழியில் நின்றுபோனது. வழக்கின் பொருள் கையால் எழுதப்பட்ட சுமார் நூறு பக்கங்கள். 'ஹோட்டல் கலிபோர்னியா' முதலிய பாடல்களுக்காக ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லி 1970களில் எழுதி, அடித்து, மறுபடி எழுதிய வரைவுகள் அவை. திருட்டுப் பொருள் என்றார் ஹென்லி. குழுவைப் பற்றிப் புத்தகம் எழுத வந்தவருக்கு அவரே கொடுத்தது என்றது எதிர்த்தரப்பு. ஹென்லிக்கும் அவருடைய வழக்கறிஞர்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து ஆயிரக்கணக்கான பக்கங்களாகத் தாமதமாக வெளியே வந்ததும், அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது.

பழைய தாள்களுக்கு ஏன் இத்தனை அடிதடி? ஒரு பாடல் எப்படிப் பிறந்தது என்பதற்கு எழுத்தில் சாட்சி கிடைப்பது அவ்வளவு அரிது. மற்றபடி நம் கைக்கு வருபவை பேட்டிகள், சுயசரிதைகள், ரசிகர்கள் வாய்வழியாக ஊதிப் பெருக்கிய கதைகள். ஒரே பாடலுக்குப் பாடியவர் ஒரு கதை சொல்வார், கிதார் வாசித்தவர் இன்னொன்று சொல்வார், ஊர் மூன்றாவது ஒன்றை நம்பும். எதை எவ்வளவு நம்புவது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

முதலில் மூன்று சொற்கள்

'இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது?' என்ற ஒற்றைக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

1. தூண்டுதல்: எந்த நிகழ்ச்சி, மனிதர், புத்தகம், மனநிலை பாடலை எழுத வைத்தது?

2. எடுத்தாளல்: வரியோ மெட்டோ வாத்தியத் துணுக்கோ முன்பிருந்த வேறொரு படைப்பிலிருந்து வந்ததா?

3. உரிமை: இசைத்தட்டின் மேல் ஒட்டிய தாளில் யார் பெயர் இருக்கிறது, ராயல்டி யாருக்குப் போகிறது?

மூன்றுக்கும் ஒரே விடை இருக்க வேண்டியதில்லை. கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் பாடி 1970இல் வந்த 'லைலா'வை எடுத்துக்கொள்வோம். பெயர், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிஜாமி பாடிய லைலா–மஜ்னூன் காவியத்திலிருந்து வந்தது. எழுத வைத்தது, நண்பரும் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்தவருமான ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்ட் மீது கிளாப்டன் கொண்டிருந்த காதல். உரிமைத் தாளில் இருப்பவை கிளாப்டன், டிரம்மர் ஜிம் கார்டன் ஆகிய இருவரின் பெயர்கள். பாடலின் பின்பாதியில் வரும் புகழ்பெற்ற பியானோ மெட்டு கார்டனுடையது என்பது கணக்கு. அது தன்னுடையது என்று பாடகி ரீட்டா கூலிட்ஜ் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். கிளாப்டனின் காதலைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் அந்தப் பியானோ மெட்டு யாருடையது என்பது தெரியவராது.

தேதி போட்ட கதைகள்

செய்தியைப் பாடிய பாடல்களைச் சரிபார்ப்பது எளிது. டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இவற்றில் தலையாயது. 1971 டிசம்பரில் அந்த ஆங்கிலேயக் குழு, ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மோன்ட்ரோ என்ற சுவிஸ் ஊருக்கு ஆல்பம் பதிவு செய்யப் போயிருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்கு எடுத்து, ஊரின் காசினோ அரங்கில் பதிவு செய்வது திட்டம். டிசம்பர் 4 அன்று அதே அரங்கில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்தது. கூட்டத்தில் இருந்த ஒருவன், ஆபத்து வேளையில் வானில் ஒளிக்குண்டு விடப் பயன்படும் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டான். காசினோ முழுவதும் எரிந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. மோன்ட்ரோ இசைவிழாவை நடத்தி வந்த குளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடி இளைஞர்களை வெளியே இழுத்து வந்தார். ஏரியின் மேல் புகை பரவி நின்றது.

ஊர், ஏரி, ஸாப்பா, குளோட், லாரி, துப்பாக்கிக்கார மூடன் என்று எல்லாமே வரிகளில் வருகின்றன. பத்திரிகை நிருபர் எழுதியிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது. ஆனால் இந்தக் கதையிலும் பலர் கவனிக்காத ஒரு மூலை உண்டு. அரங்கை இழந்த குழு, பெவிலியன் என்ற இன்னொரு அரங்கில் இரவில் பதிவைத் தொடங்கியது. சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, போலீஸ் வந்துவிட்டது. வாசிப்பு முடியும்வரை உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிப் பதிவானதுதான் உலகெங்கும் கிதார் கடைகளில் ஒலிக்கும் அந்த ரிஃப். ரிஃப் என்பது பாடல் நெடுகத் திரும்பத் திரும்ப வரும் சிறிய ஸ்வரத் தொடர். பதிவான வேளையில் அதற்கு வரியும் இல்லை, பெயரும் இல்லை. தீ விபத்துக்குச் சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழும்போது பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் குளோவரின் வாயில் அந்தத் தலைப்பு வந்தது. போதைப் பாட்டு என்று நினைத்துவிடுவார்களோ என்று குழுவுக்குள் தயக்கம்கூட இருந்தது. தீ தந்தது வரிகளை மட்டும்தான். இசை குழுவின் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் விரல்களில் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்தது.

இதைவிட உறுதியான சாட்சி ஒன்று உண்டென்றால் அது அச்சுத்தாள். 1967 ஜனவரி 31 அன்று, ஒரு பாடலுக்கான விளம்பரப் படப்பிடிப்புக்காக பீட்டில்ஸ் குழு இங்கிலாந்தின் செவன்ஓக்ஸ் ஊருக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு பழம்பொருள் கடையில் ஜான் லெனன் ஒரு சர்க்கஸ் சுவரொட்டி வாங்கினார். பாப்லோ ஃபான்க் என்பவரின் சர்க்கஸ் 1843 பிப்ரவரி 14 அன்று ராச்டேல் ஊரில் நடக்கப்போவதை அறிவிக்கும் தாள் அது. 'பீயிங் ஃபார் த பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்' என்ற பாடல் ஏறத்தாழ அந்தச் சுவரொட்டியின் நகல். சுவரொட்டியில் ராச்டேல் என்றிருந்தது பாட்டில் பிஷப்ஸ்கேட் ஆனது. குதிரையின் பெயர் ஸாந்தஸ் என்பது ஹென்றி ஆனது. தாளையும் பாட்டையும் அருகருகே வைத்தால் லெனன் எங்கே கை வைத்தார், எங்கே விட்டுவிட்டார் என்பது அப்படியே தெரியும். வேறெந்த ராக் பாடலுக்கும் இவ்வளவு துல்லியமான பிறப்புச் சான்றிதழ் இருப்பது அபூர்வம்.

'சிம்பதி ஃபார் த டெவில்' பாடலைப் பொறுத்தவரை நாள்காட்டியே சாட்சி. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் அதை எழுதத் தூண்டியவற்றில் ஒன்று மிகயீல் புல்ககோவ் எழுதிய, சாத்தான் மாஸ்கோவுக்கு வரும் ரஷ்ய நாவல். கொடுத்துப் படிக்கச் சொன்னவர் பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல். 1968 ஜூன் முதல் வாரத்தில் லண்டனில் பதிவு நடந்துகொண்டிருந்தபோது கென்னடி கொலையைக் குறிப்பிடும் வரி ஒருமையில் இருந்தது. அதே வாரம் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர் பன்மையாக மாறியது. அந்தப் பதிவைத் திரைப்பட இயக்குநர் ஜான்-லுக் கோதார் படம் பிடித்துக்கொண்டிருந்ததால், பாடல் உருமாறுவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்து நீல் யங் எழுதிய 'ஒஹாயோ', மே 21 அன்றே பதிவாகிவிட்டது. நிகழ்வுக்கும் பதிவுக்கும் நடுவே பதினேழு நாள். அந்த இடைவெளியில் புனைகதை முளைக்க நேரமில்லை.

சாட்சியே இல்லாத இடம்

அடுத்த வகை உறக்கத்தில் வந்த மெட்டுகள். இவற்றுக்குச் சொன்னவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

'யெஸ்டர்டே' மெட்டு முழுவதும் கனவில் வந்தது என்கிறார் பால் மெக்கார்ட்னி. அப்போது அவர் லண்டன் விம்போல் தெருவில் காதலி ஜேன் ஆஷரின் குடும்ப வீட்டில் தங்கியிருந்தார். எழுந்ததும் பியானோவில் வாசித்துப் பார்த்தார். வரி இல்லாததால் 'ஸ்க்ராம்பிள்டு எக்ஸ்' என்று ஒரு முட்டைப் பொரியல் பாட்டாகத் தற்காலிகமாகப் பாடி வைத்தார்.

கனவு உண்மையா என்று நாம் சரிபார்க்க முடியாது. அடுத்து அவர் செய்ததைச் சரிபார்க்க முடியும். இவ்வளவு சுலபமாக வந்த மெட்டு நிச்சயம் எங்கோ கேட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று பயந்து, ஏறத்தாழ ஒரு மாதம் இசைத்துறையில் தெரிந்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டி 'இது யாருடையது?' என்று கேட்டுத் திரிந்தார். கீழே கிடந்த பொருளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதுபோல என்று பின்னாளில் சொன்னார். சில வாரங்களில் யாரும் உரிமை கோராவிட்டால் நாமே வைத்துக்கொள்ளலாம் அல்லவா? யாரும் கோரவில்லை. 1965 ஜூனில் பதிவானது. மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் வாசிக்கவே இல்லை. ஆனாலும் உரிமைத் தாளில் வழக்கம்போல் லெனன்–மெக்கார்ட்னி என்றுதான் இருக்கிறது. இந்த ஒரு பாட்டிலாவது தன் பெயர் முன்னால் வரட்டும் என்று பின்னாளில் மெக்கார்ட்னி கேட்டபோது லெனனின் மனைவி யோகோ ஓனோ சம்மதிக்கவில்லை.

அதே ஆண்டு வந்த ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' ரிஃபும் தூக்கத்தில் வந்ததுதான். கீத் ரிச்சர்ட்ஸ் கட்டில் அருகே இருந்த கேசட் ரெக்கார்டரில் பாதித் தூக்கத்தில் அதைப் பதிவு செய்தார். காலையில் போட்டுப் பார்த்தால் சில நிமிடம் கிதார், மீதி நாடா முழுவதும் குறட்டை. இது எந்த ஊரில் நடந்தது? புளோரிடாவின் கிளியர்வாட்டர் ஊர் விடுதி என்பது பரவலான கதை. தன் சுயசரிதையில் ரிச்சர்ட்ஸ் லண்டன் வீட்டைச் சொல்கிறார். ஊர் மாறுகிறது, குறட்டை மாறவில்லை. இப்படிப்பட்ட கதைகளில் மாறாமல் நிற்கும் பகுதிக்கு அதிக எடை கொடுப்பதே நியாயம். இன்னொரு செய்தி: அந்த ரிஃப் 'டான்ஸிங் இன் த ஸ்ட்ரீட்' என்ற பாடலைப்போல இருக்கிறதே என்று ரிச்சர்ட்ஸுக்கே உறுத்தல் இருந்தது. கனவில் வருவதும் காதில் விழுந்ததன் மிச்சம்தானோ என்ற அந்தச் சந்தேகம் இன்னும் சில ஆண்டுகளில் நீதிமன்றம்வரை போகப்போகிறது.

கேட்டவர்கள் எழுதிய கதைகள்

சில பாடல்களின் பிறப்புக் கதையை எழுதியவர்கள் ரசிகர்கள். இவை பிறக்கும் விதம் மூன்று.

1. எழுத்து விளையாட்டு. 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' என்ற 1967ஆம் ஆண்டுத் தலைப்பின் முக்கியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளின் பெயர் வருகிறது. லெனன் கடைசிவரை மறுத்தார்: மகன் ஜூலியன் மழலையர் பள்ளியில் தன் வகுப்புத் தோழி லூசியை வரைந்து கொண்டுவந்து காட்டினான், படத்தின் பெயர்தான் பாட்டின் பெயர். அந்தப் படம் உண்மை, லூசி என்ற சிறுமியும் உண்மை. வரிகளின் காட்சிகளுக்கு லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையையும் லெனன் காட்டினார். ஆனால் 2004இல் மெக்கார்ட்னி, போதைப்பொருளின் சாயல் பாட்டில் இருப்பது வெளிப்படை என்று ஒப்புக்கொண்டார். இரண்டையும் நம்புவதில் தடை ஏதும் இல்லை. தலைப்பு குழந்தையிடமிருந்து வந்தது. நிறங்கள் வேறெங்கிருந்தோ வந்தன.

2. பொருந்தாத காலத்தில் பொருத்துவது. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டின் 'ஃபார் வாட் இட்ஸ் வொர்த்' ஒலித்தால் திரையில் வியட்நாம் ஹெலிகாப்டர் வரவேண்டும் என்பது எழுதாத விதி ஆகிவிட்டது. ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் அதை எழுதியது 1966 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்டிரிப் வீதியில், இளைஞர்களுக்கு இரவு ஊரடங்கு விதித்ததை எதிர்த்துக் கிளம்பிய மோதலைப் பார்த்து. போருக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை.

3. பல்லவியை மட்டும் கேட்பது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.' 1984இல் வந்தபோது தேசபக்தி முழக்கமாகக் கேட்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் நியூ ஜெர்சியில் தேர்தல் பிரசாரத்தில் ரொனால்ட் ரேகன் ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். சரணங்களில் இருப்பதோ வியட்நாமிலிருந்து திரும்பி வேலையில்லாமல் அலையும் ஒருவனின் கசப்பு. ஆரம்ப வரைவில் பாடலின் பெயரே 'வியட்நாம்'. தலைப்பு, இயக்குநர் பால் ஷ்ரேடர் அனுப்பிவைத்த திரைக்கதையின் அட்டையில் இருந்தது. ஆல்பத்தில் ஷ்ரேடருக்கு நன்றியும் அச்சாகியிருக்கிறது. ஆனால் கேட்டவர்களை மட்டும் குறை சொல்வது சரியல்ல. சரணத்தை முனகலாகவும் பல்லவியைப் போர் முரசாகவும் அமைத்தது ஸ்பிரிங்ஸ்டீன்தான்.

முழுப் பொய்யும் உண்டு. ஃபில் காலின்ஸின் 'இன் த ஏர் டுநைட்' பற்றிய கதைப்படி, நீரில் மூழ்கியவனைக் காப்பாற்றாமல் வேடிக்கை பார்த்த ஒருவனை, காலின்ஸ் தன் கச்சேரிக்கு வரவழைத்து, அவன்மீது ஒளி பாய்ச்சி, இந்தப் பாட்டைப் பாடினாராம். விவாகரத்தின் கோபத்தில் ஒலிவாங்கிக்கு முன் நின்று அப்போதைக்கப்போது வாயில் வந்ததைப் பாடினேன் என்று காலின்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். கதை அடங்கவில்லை. காரணம் எளிது: பொய்க்கதையில் குற்றம், விசாரணை, தண்டனை எல்லாம் இருக்கின்றன. மெய்க்கதையில் இருப்பது விவாகரத்து.

யாருக்கும் சொந்தமில்லாத வீடு

எடுத்தாளல் என்ற இரண்டாவது கேள்விக்கு இப்போது வருவோம். 1964இல் தி அனிமல்ஸ் பாடிய 'ஹவுஸ் ஆஃப் த ரைஸிங் சன்' யாருடைய பாட்டு? பின்னோக்கிப் போனால் படிகள் இவை:

1. 1933: கிளாரன்ஸ் ஆஷ்லி இதை இசைத்தட்டில் பதிவு செய்தார்.

2. 1937: நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், கென்டக்கியின் மிடில்ஸ்பரோ ஊரில் ஜார்ஜியா டர்னர் என்ற பதின்வயதுப் பெண் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். அவள் சுரங்கத் தொழிலாளியின் மகள்.

3. நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் அதற்குப் புதிய கிதார் அமைப்பு ஒன்றைச் செய்தார். அவர் பதிவு செய்வதற்குள் அதே அமைப்பை பாப் டிலன் தன் முதல் ஆல்பத்தில் 1962இல் போட்டுவிட்டார்.

4. 1964: தி அனிமல்ஸ் மின்கிதாரும் ஆர்கனும் சேர்த்து ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள்.

டிலனிடமிருந்து திருடினாயா என்று கேட்பார்களே என வான் ராங்க் அதைப் பாடுவதை நிறுத்தினார். பிறகு தி அனிமல்ஸிடமிருந்து திருடினாயா என்று கேட்கிறார்கள் என டிலனும் நிறுத்தினார். இந்தப் பாட்டைப் பற்றிய மிகச் சிறந்த நகைச்சுவை இதுதான். அதில் வரும் நியூ ஆர்லியன்ஸ் வீட்டுக்கும் பல முகவரிகள் சொல்லப்படுகின்றன. எதையும் பாட்டோடு உறுதியாகக் கட்டிவைக்கும் ஆவணம் இல்லை.

மரபுப் பாடல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதன் குறிப்பிட்ட ஓர் அமைப்பு சொந்தமாக முடியும். தி அனிமல்ஸின் இசைத்தட்டில் அமைப்பாளராக ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸின் பெயர் மட்டும் அச்சானது. ஐந்து பேரில் ராயல்டி அவருக்குத்தான். 'மரபுப் பாடல்' என்ற முத்திரை சில நேரம் வெறும் அறியாமை என்பதும் உண்டு. ஆங்கிலேய ராக் குழுவான லெட் ஸெப்லின் 1969இல் பாடிய 'பேப் ஐம் கோனா லீவ் யூ' அப்படி மரபுப் பாடல் என்று கருதப்பட்டது. ஜோன் பாயஸின் இசைத்தட்டிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. எழுதியவர் ஆன் பிரெடன் உயிரோடுதான் இருந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர் பெயர் சேர்ந்தது.

அதே ஆண்டின் 'ஹோல் லாட்டா லவ்' கொஞ்சம் சங்கடமான கதை. வரிகளில் ஒரு பகுதி, வில்லி டிக்ஸன் எழுதி மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' பாடலை அப்பட்டமாக ஒத்திருக்கிறது. டிக்ஸன் 1985இல் வழக்குத் தொடுத்தார். இரண்டு ஆண்டில் சமரசமானது. தாளில் அவர் பெயரும் ஏறியது. புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை மரபில் ஒருவர் வரியை மற்றவர் எடுத்துப் பாடுவது வழக்கம்தான் என்ற வாதம் இங்கே பாதி உண்மை. கைமாற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் ஏழைகளாக இருந்தவரை அது வழக்கம். ஒருவர் கோடீஸ்வரர் ஆனபின் அதற்கு வேறு பெயர்.

நீதிபதி கேட்கும் கேள்வி

பதிப்புரிமைச் சட்டம் தூண்டுதலைக் கண்டுகொள்வதில்லை. ஒரு பாட்டைக் கேட்டு உருகி இன்னொன்று எழுதுவது குற்றமில்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் பார்ப்பவை இரண்டு: பிரதிவாதி முந்தைய பாடலைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டா, பாதுகாக்கத் தக்க அம்சங்களில் கணிசமான ஒப்புமை உண்டா.

ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' வழக்கு இதற்குப் பாடப்புத்தகம். 1970இல் வந்த இந்தப் பாட்டில் ஹல்லேலூயாவும் ஹரே கிருஷ்ணாவும் மாறி மாறி வருகின்றன. 'ஓ ஹேப்பி டே' என்ற தேவாலயப் பாடல்தான் தூண்டுதல் என்றார் ஹாரிசன். ஆனால் மெட்டு, 1963இல் தி ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஹீஸ் ஸோ ஃபைன்' பாடலை ஒத்திருக்கிறது என்று அதன் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள்.

நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமே ஆபெரா எழுதியவர். அவர் மெட்டைப் பிரித்துப் பார்த்த விதத்தை நம் ஸ்வரங்களில் சொன்னால், முதல் துணுக்கு ப–க–ரி, அது திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாவது ப–த–ஸ–த–ஸ, அதுவும் திரும்ப வருகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சாதாரணம். ஒன்றுக்குப் பின் மற்றொன்று, இத்தனை முறை, கடைசிச் சுற்றில் அதே இடத்தில் ஓர் அலங்காரச் சிறு ஸ்வரத்தோடு வருவதுதான் அபூர்வம் என்றார். 1976 தீர்ப்பின் சாரம்: ஹாரிசன் வேண்டுமென்றே திருடவில்லை, முன்பு வெற்றி பெற்ற ஒரு சேர்க்கையை அவர் ஆழ்மனம் அறிந்திருந்தது, விழிப்பு மனம் மறந்திருந்தது, ஆனாலும் இது மீறல்தான். மெக்கார்ட்னி ஒரு மாதம் ஏன் அலைந்தார் என்பது இப்போது புரியும்.

இதற்குப் பின்னால் நடந்தது இன்னும் விசித்திரம். ஹாரிசனின் முன்னாள் மேலாளர் ஆலன் க்ளைன் எதிர்த்தரப்பின் உரிமையையே விலைக்கு வாங்கிவிட்டு, தன் பழைய முதலாளியிடம் பணம் கேட்டு நின்றார். அதே நீதிபதி 1981இல் அதை நம்பிக்கை மீறல் என்றார். க்ளைன் கொடுத்த 587,000 டாலரை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு உரிமையை ஹாரிசன் பெற்றுக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது.

நாற்பது ஆண்டு கழித்து 'ஸ்டேர்வே டு ஹெவன்' எதிர்த்திசையில் போனது. 1971இல் வந்த அந்தப் பாடலின் தொடக்கக் கிதார், ஸ்பிரிட் குழு 1968இல் வெளியிட்ட 'டாரஸ்' என்ற வாத்திய இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்று 2014இல் வழக்கு வந்தது. கேட்டிருக்க வாய்ப்பு? லெட் ஸெப்லினின் முதல் அமெரிக்கக் கச்சேரியே 1968 டிசம்பரில் ஸ்பிரிட்டோடு ஒரே மேடையில் நடந்தது. ஒப்புமை? இங்கே இரண்டு தடைகள்.

1. அந்தக் காலத்துச் சட்டம் 1909ஆம் ஆண்டினுடையது. அதன்படி பாதுகாப்பு, பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்த இசைக்குறிப்புத் தாளுக்குத்தான், ஒலிப்பதிவுக்கு இல்லை. அதனால் நடுவர் குழு 'டாரஸ்' இசைத்தட்டை ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஒற்றைத் தாளில் இருந்ததை ஒரு கலைஞர் வாசிக்கத்தான் கேட்டார்கள்.

2. இரண்டிலும் பொதுவாக இருந்தது ஸட்ஜமத்திலிருந்து அரையரை ஸ்தானமாகக் கீழே இறங்கும் அடிவரிசை. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் எழுதிய புலம்பல் பாட்டிலேயே இப்படிப்பட்ட இறக்கம் உண்டு. ஒரு ராகத்தின் அவரோகணத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதில் கட்டிய கீர்த்தனைக்குத்தான் கர்த்தா உண்டு என்பது நமக்குத் தெரிந்த வேறுபாடு. நீதிமன்றம் சொன்னதும் ஏறத்தாழ அதுவே.

2016இல் நடுவர் குழு லெட் ஸெப்லின் பக்கம் நின்றது. இடையில் மேல்முறையீட்டில் மறு விசாரணைக்கு உத்தரவாகி, 2020 மார்ச்சில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு பழைய தீர்ப்பையே உறுதி செய்தது. கேட்டிருக்க வாய்ப்பு அதிகமானால் குறைந்த ஒப்புமையே போதும் என்ற பழைய விதியையும் தூக்கி எறிந்தது. இணையத்தில் எல்லாமே எல்லோருக்கும் கிடைக்கும் காலத்தில் அந்த விதிக்குப் பொருளில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

'ஹோட்டல் கலிபோர்னியா'வும் இந்த வகையில் ஒரு சந்தேகத்தைச் சுமக்கிறது. அதன் இசை டான் ஃபெல்டர் மலிபு கடற்கரை வீட்டில் பதிவு செய்த நாடாவிலிருந்து வந்தது. அப்போது அதற்கு 'மெக்ஸிகன் ரெகே' என்று செல்லப்பெயர். ஸ்வரக்கூட்டுகளின் வரிசை ஜெத்ரோ டல் குழு 1969இல் பாடிய 'வீ யூஸ்டு டு நோ' பாடலை நினைவூட்டும். 1970களின் தொடக்கத்தில் ஈகிள்ஸ் அவர்களோடு சுற்றுப்பயணமும் போயிருக்கிறது. ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் வழக்குப் போடவில்லை. அப்படிப்பட்ட வரிசை யாருக்கும் சொந்தமில்லை என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

உரிமை என்ற மூன்றாவது கேள்வியில் காலதாமதத்துக்கே ஓர் உதாரணம் உண்டு. புரோகால் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967இல் வந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சாயலுள்ள அந்த ஆர்கன் மெட்டை அமைத்து வாசித்த மாத்யூ ஃபிஷரின் பெயர் தாளில் இல்லை. 38 ஆண்டு கழித்து 2005இல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் இசை உரிமையில் 40 விழுக்காடு கொடுத்தது, மேல்முறையீடு பங்கைப் பறித்தது, 2009 ஜூலையில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை திருப்பிக் கொடுத்தது. பழைய ராயல்டி போனது போனதுதான்.

கதை சாட்சியாகும்போது

இசைக்கலைஞர் பேட்டியில் சொல்லும் பிறப்புக் கதை முன்பு அலங்காரம். இப்போது அது சாட்சியம். 'ப்ளர்டு லைன்ஸ்' என்ற 2013ஆம் ஆண்டுப் பாடலுக்கு முன் மார்வின் கேயின் 'காட் டு கிவ் இட் அப்' போல ஒன்று செய்யலாம் என்று பேசிக்கொண்டதாக ராபின் திக் பத்திரிகைப் பேட்டியில் மகிழ்ச்சியாகச் சொன்னார். வழக்கு வந்ததும், அந்தப் பேட்டிகளின்போது தான் போதையில் இருந்ததாகவும், பாட்டை எழுதியது பெரும்பாலும் ஃபாரெல் வில்லியம்ஸ்தான் என்றும் உறுதிமொழி வாக்குமூலத்தில் மாற்றிச் சொல்ல நேர்ந்தது. 2015இல் நடுவர் குழு மார்வின் கேயின் வாரிசுகளுக்கு ஏழு மில்லியன் டாலருக்கும் மேல் வழங்கச் சொன்னது. நீதிபதி பின்னர் அதைக் குறைத்தார். தீர்ப்பு 2018இல் மேல்முறையீட்டிலும் நின்றது. ராக் பாட்டு இல்லைதான். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பாடகர் தன் தூண்டுதலைப் பற்றிப் பேசினாலும், வாயைத் திறக்கும் முன் வழக்கறிஞர் நினைவுக்கு வருவார்.

எனவே பழைய பேட்டியைப் படிக்கும்போது அது எந்த ஆண்டில் சொல்லப்பட்டது, வழக்குக்கு முன்னா பின்னா என்று பார்த்துக்கொள்வது நல்லது. லெட் ஸெப்லினின் 'டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு' 1969இல் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜின் பெயரில் மட்டும் வந்தது. அதே தலைப்பில் ஜேக் ஹோம்ஸ் 1967இலேயே ஒரு பாடல் வெளியிட்டிருந்தார். ஹோம்ஸ் 2010இல் நீதிமன்றம் போனார். தீர்ப்பு வரும் முன் வழக்கு சமரசமாக முடிந்தது. 2012இல் வெளியான லெட் ஸெப்லின் கச்சேரிப் பதிவின் அட்டையில் அந்தப் பாடலுக்கு நேராகப் பேஜின் பெயர் அப்படியே இருக்கிறது. அதை அடுத்து, ஜேக் ஹோம்ஸால் தூண்டப்பட்டது என்று புதிதாக அச்சாகியிருக்கிறது.